நாலு கம்பிக்காரனும் பேசாத அக்காவும்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவனுக்கு நுரை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அளவு தெரியாமல் சோப்புத்தூளைக் கொட்டிவிட்டான். மிஷின் வாய் வழியாகப் பொங்கிய நுரை நடைபாதையைத் தாண்டி எக்ஸ்ரே அறை வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பதினாறு வருஷமாகியும் போகவில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்துநாலு வயது. ஆளுயர மிஷின்கள் நாலையும் ஒற்றை ஆளாக ஓட்டுவான். எந்தக் கறை எந்தத் தண்ணீருக்குப் போகும், எந்தக் கறை எந்தத் தண்ணீருக்கும் போகாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான்.

வீட்டில் அவனிடம் ஒரு பேஸ் கிதார் இருந்தது. கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து இருபத்துநாலு வயதில் வாங்கியது. தனியாக வாசித்தால் பேஸ் கிதாரைப் போலப் பாவப்பட்ட வாத்தியம் வேறு கிடையாது. பாட்டே வராது. பக்கத்து அறையில் யாரோ குறட்டை விடுகிற மாதிரி இருக்கும். அவன் மனைவி கிண்டல் செய்வாள்.

"நாலே நாலு கம்பி. இத்தனை வருஷமா என்னதான் தேடுறீங்க அதுல?"

"கூட நாலு பேர் வாசிச்சாத்தான் இது என்னன்னு உனக்குப் புரியும்."

"அந்த நாலு பேர் எங்க?"

அவன் குனிந்து சுருதியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவான். மனைவியும் அதற்கு மேல் போகமாட்டாள். கிதாரைக் கிண்டல் செய்வாளே தவிர, அதைத் துடைத்து உறை போட்டு வைப்பதும் அவள்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தான். ஒரு பெரிய குழுவில் தன்னைக் கூப்பிட்டார்கள், ஊர் ஊராகப் போகவேண்டிய வேலை, உன்னைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று. அன்றிலிருந்து அவள் மனதில் அந்தக் கிதாருக்கு ஒரு தனி மரியாதை.

நாற்பத்துநாலாவது பிறந்தநாளுக்கு மறுநாள், என்ன வேகம் வந்ததோ, கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினான். "இசைக்குழு ஆரம்பிக்கிறோம். பாடவோ வாசிக்கவோ தெரிந்தவர்கள் சலவைப் பிரிவில் நுரையைப் பார்க்கவும்." ஒருத்தன் மட்டுமே இருக்கிற இடத்தில் "ஆரம்பிக்கிறோம்" என்று எழுதியதில் அவனுக்கே கொஞ்சம் கூச்சம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தான். கீழே யாரோ பென்சிலால் "கைதட்டத் தெரியும், வரலாமா?" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு கை, "மோசமா வாசிச்சா நிறுத்தச் சொல்லத் தெரியும்" என்று எழுதியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருத்தர் வந்தார். ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குப் பொறுப்பான ஸ்டோர்கீப்பர். எல்லோருக்கும் அவர் சிலிண்டர்காரர். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. எது நிரம்பியது எது காலி என்று மீட்டரைப் பார்க்கமாட்டார், கையிலிருக்கிற ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார். காலி என்றால் மணி மாதிரி அடிக்கும், நிரம்பியிருந்தால் அமுங்கிச் சொல்லும்.

"டிரம்ஸ் இருக்கு. பதினொரு வருஷமா வீட்டுல கட்டில் கீழ கெடக்கு. அடிச்சா மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாரு," என்றார்.

"இங்க கொண்டுவந்துருங்கண்ணே."

"எங்க வெச்சு அடிக்கிறது?"

அவரே கேட்டுவிட்டு அவரே யோசித்தார். காலி சிலிண்டர்களை அடுக்கி வைக்கும் தகரக் கொட்டகையின் பின்பக்கத்தில் ஒரு மூலை சும்மா கிடந்தது. காலை ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். மூன்றே காலிலிருந்து ஐந்து வரை அந்த மூலை அவர்களுடையதானது.

முதல் நாள் இருவரும் சேர்ந்து வாசித்து முடித்ததும் நுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தன் கிதாருக்கு ஒரு துணை. ஆனால் இரண்டு மாதம் போனதும் உண்மை உறைத்தது. அஸ்திவாரம் போட்டாயிற்று, மேலே வீட்டைத்தான் காணோம். பாட ஆள் வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். பாட ஆரம்பித்தால் ஒரு சுருதியில், முடிக்கும்போது வேறொரு சுருதியில், நடுவில் எங்கே போய்வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவரை மனம் நோகாமல் வழியனுப்புவதற்குள் சிலிண்டர்காரருக்கு வியர்த்துவிட்டது.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் இஸ்திரி அறை. அங்கே ஒன்பது வருஷமாக ஒரு அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரியக்கா என்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் வைக்கமாட்டாள். அவளுக்கு வாய் பேச வராது. பேச வராதென்றால் காதும் கேட்காது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டுவார்கள். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

கேட்காத காதுக்கு ஒரு வசதி உண்டு. மனசில் இருப்பதை அங்கே கொண்டுபோய்க் கொட்டலாம். கிழிசல் தைக்கிற அம்மா, மருமகளைப் பற்றிய புலம்பலை எல்லாம் அங்கேதான் இறக்கி வைப்பாள். சூப்பர்வைசர் மேலதிகாரிகளைத் திட்டுவதும் அங்கேதான். நுரையும் விதிவிலக்கில்லை. ஒரு நாள் துவைத்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"அந்தப் பெரிய குழுவுல என்னைக் கூப்பிடவே இல்லக்கா. நானாத்தான் போய் நின்னேன். ரெண்டு நிமிஷம் வாசிச்சேன். 'போதும், போய்ட்டு வாங்க'ன்னாங்க. வீட்டுல மாத்திச் சொல்லிட்டேன். அவ என்னடான்னா, என் வாழ்க்கையையே அவதான் தடுத்துட்டதா நெனச்சு மருகுறா."

அக்கா ஒரு தலையணை உறையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அவனுக்கு மனசு லேசானது.

அதற்கு ஒரு மாதம் கழித்து அது நடந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நுரை மட்டும் மிஷின்களோடு இருந்தான். நாலு மிஷின்களும் துணி உலர்த்தும் மிஷின்கள் மூன்றும் ஓடினால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. திடீரென்று கரண்ட் போனது. ஜெனரேட்டர் வார்டுகளுக்குத்தான், அடித்தளத்துக்குக் கிடையாது. எல்லா இரைச்சலும் ஒரே நொடியில் அறுந்து விழுந்தது.

அந்த நிசப்தத்தில் ஒரு பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பெண் குரல். பிசிறே இல்லை. மேலே ஏறவேண்டிய இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறி, அங்கே கொஞ்சம் நின்று, ஆற அமர இறங்கியது. ரேடியோ என்று நினைத்தான். கரண்ட் இல்லாமல் என்ன ரேடியோ?  இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய் இஸ்திரி அறையை எட்டிப் பார்த்தான்.

மேலே தெருமட்டத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில், இஸ்திரியக்கா இரைச்சல் நின்றதுகூடத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. நுரை பின்னால் இருந்த துணி மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

சத்தம் கேட்டு அக்கா கண்ணைத் திறந்தாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், சூடு இறங்கியிருந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தக் கட்டடம் கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"கரண்ட் போயிருச்சா?"

நுரையால் பேச முடியவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷத்துக்கு அந்த அறையில் ஊமை அவன்தான்.

"தண்ணி குடி தம்பி," என்றாள் அக்கா. "முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"நீங்க... அக்கா, நீங்க பேசுவீங்களா?"

"வீட்டுல தங்கச்சிகிட்ட பேசுவேன். நிறையவே பேசுவேன். இங்க மிஷின் ஓடும்போது பாடுவேன். யாருக்கும் கேக்காதுல்ல."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேலைக்குச் சேர வந்த அன்றைக்கு அவளுக்குத் தொண்டை அடியோடு கட்டியிருந்தது. சூப்பர்வைசர் பேர் கேட்டபோது சைகையால் காட்டினாள். அவர் 'ஐயோ பாவம்' என்று ஃபாரத்தில் தானே என்னவோ எழுதிக்கொண்டு, அவளிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு வாரத்தில் தொண்டை சரியானது.

"முன்னாடி வேலை பார்த்த இடத்துல என் புருஷன் ஏன் என்னை விட்டுட்டுப் போனான்னு தினமும் ஒரு ஆள் கேப்பாங்க. அவன் கூடப் போனவ எப்படி இருப்பா, நீ என்ன கொறை வெச்சேன்னு. இங்க அந்த ஒரு வாரம் ஒருத்தரும் கேக்கலை. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

நுரை தலையை ஆட்டினான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. 

"அக்கா, அப்போ நான் அன்னிக்குச் சொன்னது..."

"எல்லாம் காதுல விழுந்துச்சு தம்பி," என்றாள் அவள் மெதுவாக. "உள்ளேதான் இருக்கு. வெளிய போகாது."

மேலே டீ முடித்து வருகிறவர்களின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டது. அக்கா உதட்டில் விரல் வைத்தாள். கரண்ட் வந்தது.

மறுநாள் மூன்றே காலுக்கு, நுரை கெஞ்சிக் கூப்பிட்டதால் கொட்டகைக்கு வந்த அவளைப் பார்த்த சிலிண்டர்காரர், காது கேட்காத பெண்ணை எதற்குக் கூட்டிவந்தாய் என்று நுரையை ஜாடையில் கேட்டார். அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் அவர் கையிலிருந்த குச்சி நழுவி சிலிண்டர்களுக்கு நடுவே உருண்டது. பாட்டு முடியும்வரை அவர் அதை எடுக்கவில்லை. அன்று முழுவதும் "அம்மாடி" என்பதைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கொட்டகையைத் தாண்டிப் பாடமாட்டேன். இருவரும் தலையாட்டினார்கள். ஐந்து மாதம் அப்படியே போனது.

தலைமை நர்ஸ் ஓய்வுபெறும் நாள் வந்தது. கேன்டீன் ஹாலில் பிரிவுபசார விழா. விழாக் கமிட்டியில் யாரோ அந்தப் பழைய அறிவிப்புத் தாளை ஞாபகம் வைத்திருந்து, "உங்க குழு ஒரு பாட்டு வாசிக்கணும்" என்றார்கள். நுரைக்கு ஆசை விடவில்லை. பாட்டில்லாமல் இருவரும் மட்டும் வாசிக்கலாம் என்று ஒப்புக்கொண்டான். அக்காவும் சரியென்றாள்.

பேஸும் டிரம்ஸும் ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஹாலில் பேச்சுச் சத்தம் எழுந்தது. முன்வரிசையில் ஒருவர், "தண்ணி மோட்டார் ஓடுற மாதிரியே இருக்குய்யா," என்றார். சிரிப்பு பரவியது. நுரையின் காது சூடானது. அவன் மனைவியும் வந்திருந்தாள், கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை.

அப்போது சலவைப் பிரிவுப் பெண்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து இஸ்திரியக்கா எழுந்தாள். நடுவழியில் நேராக நடந்து வந்தாள். பாவம், வழி தெரியாமல் வருகிறாள் என்று ஒரு நர்ஸ் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மைக்கை எடுத்துப் பாடினாள்.

நுரை பிற்காலத்தில் எத்தனையோ இடங்களில் வாசித்துவிட்டான். அப்படியொரு அமைதியை வேறெங்கும் கேட்டதில்லை. முந்நூறு பேர், மூச்சுச் சத்தம் இல்லை. கேக் தட்டு ஒன்று எங்கோ கீழே விழுந்தது, யாரும் திரும்பவில்லை. கிழிசல் தைக்கிற அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது வியப்பில்லை, பயம். ஆறு வருஷமாகச் சொன்னதை எல்லாம் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முழுக்க அதே முகம்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. சூப்பர்வைசர் எழுந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அப்போ இவ ஊமை இல்லையா?" என்றார்.

தலைமை நர்ஸ் மட்டும் எழுந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாளில் விசாரணைக்குக் கடிதம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் பொய் சொல்லி வேலையில் சேர்ந்ததாகப் புகார். நுரைக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது. கொட்டகைக்குக் கூட்டிவந்தது அவன், மேடை ஏறியது அவன் ஆசை, வேலை போகப்போவது அவளுக்கு. அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே, தன்னுடைய பொய்யை மட்டும் இன்னும் மூடி வைத்திருப்பது அசிங்கமாகப் பட்டது. அதையும் சொல்லிவிட்டான்.

மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கூப்பிடவே இல்லையா?"

"இல்ல."

"பத்தொம்பது வருஷம். நீங்க கிதாரை எடுக்கும்போதெல்லாம் என் நெஞ்சுல முள் குத்தும். உங்களைக் கட்டிப்போட்டது நான்தான்னு. ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா?"

"தோணிச்சு. வாய் வரலை."

"அந்த அக்காவாவது யாரையும் நோகடிக்காம வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க. நீங்க?"

அதன் பிறகு நாலு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

விசாரணைக்கு நுரை தானாகவே போய் நின்றான். பணியாளர் அதிகாரி கண்ணாடி போட்ட, முகத்தில் எதையும் காட்டாத மனிதர். ஒன்பது வருஷத்துக் கோப்பை வரவழைத்திருந்தார். சூப்பர்வைசர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"பேச இயலாதவர்னு இங்க எழுதியிருக்கு. நீங்க எழுதினதா?"

"கையெழுத்து மட்டும்தான் சார் என்னோடது," என்றாள் அக்கா. "மேல எழுதினது நான் இல்ல. ஆனா தெரிஞ்ச பிறகும் நான் மாத்தச் சொல்லலை. அது என் தப்பு."

அதிகாரி கோப்பைத் திருப்பினார். சூப்பர்வைசரின் கையெழுத்தையும் அந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவருடைய முகம் முதல்முறையாக மாறியது.

"மெடிக்கல் சர்டிபிகேட் எங்க?"

சூப்பர்வைசர் விழித்தார்.

"இது ஆஸ்பத்திரி," என்றார் அதிகாரி, தனக்குத்தானே சொல்வது போல. "மூணாவது மாடியில காது மூக்கு தொண்டைக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு. ஒன்பது வருஷமா அவங்க கோட்டை இந்த அம்மாதான் தேய்க்கிறாங்க. ஒருத்தர்கூட இவங்களை வாயைத் திறக்கச் சொல்லலையா?"

சூப்பர்வைசர் தன் சட்டைப் பொத்தானைத் திருகினார். 

முடிவில் சூப்பர்வைசருக்கு எழுத்தில் எச்சரிக்கை. அக்காவின் பெயர் பொதுப் பட்டியலுக்கு மாறியது, வேலை அப்படியே நின்றது. வெளியே வந்ததும் நுரைக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

ஆனால் அடித்தளத்தில் கதை வேறாக இருந்தது. முன்பு அவளிடம் பேசாத ஆள் கிடையாது, இப்போது பேசுகிற ஆள் கிடையாது. மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் போய், "என்கிட்ட சொன்னது எதுவும் வெளிய போகாது," என்றாள். சிலர் மாதக்கணக்கில் கழித்து ஆறினார்கள். கிழிசல் தைக்கிற அம்மா இன்றுவரை ஆறவில்லை. எதிரே வந்தால் நடைபாதையின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். "அவங்க கோவம் நியாயம்தான்," என்பாள் அக்கா. 

வீட்டில் உண்மையைச் சொன்ன ஐந்தாம் நாள் மாலை, கொட்டகை வாசலில் நுரையின் மனைவி வந்து நின்றாள். யாரிடமும் பேசாமல் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பாட்டுக் கேட்டாள். பிறகு சிலிண்டர்காரரைப் பார்த்து, "அண்ணே, இவரு வாசிக்கிறதை நிறுத்திட்டு ஒரு தடவை வாசிங்க," என்றாள். குரலும் டிரம்ஸும் மட்டும் போயின. பாதிப் பாட்டில் அவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வெறிச்சோன்னு இருக்கு," என்றாள். "சரி, சேர்ந்து வாசிங்க." கோபம் போய்விட்டதா என்று நுரை கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது உறை போட்ட கிதாரை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள், அது போதும் என்று இருந்துவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். பாட்டின் நடுவே கொட்டகைக் கதவு திறந்தது. பணியாளர் அதிகாரி. மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அனுமதி இல்லாமல் கொட்டகையைப் பயன்படுத்தியதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நுரை நினைத்தான். சிலிண்டர்காரர் வாயெடுத்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே கையை நீட்டி, துணியில் சுற்றிய நீளமான ஒரு பொருளை உள்ளே இழுத்தார். கீபோர்டு.

"என் ரூம் ஜன்னல் இந்தப் பக்கம்தான்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப நாளா கேட்டுட்டுதான் இருக்கேன். ஒரு ஆள் கம்மியா இருக்கோன்னு தோணுச்சு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் முதலில் சுதாரித்து, பெட்டியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்," என்றாள்.

அவர் வாசிப்பு சுமார்தான். வேகம் கட்டுக்குள் நிற்கவில்லை. இரண்டு பாட்டு வரை பொறுத்துப் பார்த்த சிலிண்டர்காரர், குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க முன்னாடியே ஓடிடுறீங்க. எங்களுக்காக நின்னு வரணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி," என்றார். "மறுபடி முதல்லேருந்து."